மே மாதத்தில் சொல்லிப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் வாரத்தில் எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் ‘அடுத்து என்ன படிக்கலாம்?’ பக்கங்கள் வருகின்றன. உங்கள் நாளிதழின் பக்கம் மற்றவற்றைவிட விரிவாகவே இருக்கிறது. ஆனாலும் அதைப் படிக்கும் மாணவருக்கு ஒரு சங்கடம் உண்டு. அதில் சொல்லப்படும் படிப்புகளில் கணிசமானவற்றுக்கு அந்த வாரத்தில் விண்ணப்பிக்கவே முடியாது. சிலவற்றுக்குத் தேதி போன மாதமே முடிந்திருக்கும், சிலவற்றுக்கு அதற்கு முந்தைய ஆண்டே முடிந்திருக்கும்.

நம் பல்கலைக்கழகங்களில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. தோல் பதனிடுதலிலிருந்து கோயில் கட்டுமானம் வரை பட்டப்படிப்பு இருக்கிறது. மாணவர் கண்ணில் கணினி அறிவியலும் பி.காமும் மட்டுமே படுகின்றன என்றால் அதற்கு இரண்டு தேதிகள் காரணம். ஒன்று, பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும் நாள். இன்னொன்று, பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே ஓசையில்லாமல் கடந்துபோகும் விண்ணப்பத் தேதிகள்.

முதலில் குரூப். பதினைந்து வயதில் எடுக்கும் இந்த முடிவை மதிப்பெண்ணும் பக்கத்துப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எந்தக் குரூப்பில் எது அடைபடும் என்று எழுதி ஒட்டியிருக்கும் பள்ளிகள் குறைவு. பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டால் பொறியியல் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பி.ஆர்க்., பி.எஸ்சி. புள்ளியியல், மர்ச்சண்ட் நேவிப் படிப்புகள், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆனர்ஸ் எல்லாம் அதோடு சேர்ந்து போகும் என்பது பலருக்குத் தெரியாது. கலைப்பிரிவு மாணவர் பொருளாதாரம் படிக்கக் கணிதம் எதற்கு என்றுதான் கேட்பார். முதல் ஆண்டிலேயே வகையீடும் அணிகளும் வந்து நிற்கும். கணிதம் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

உயிரியலை விட்டுக் கணினி அறிவியல் எடுத்தவருக்குக் கால்நடை மருத்துவமும் பாராமெடிக்கல் படிப்புகளில் பெரும்பகுதியும் இல்லை. பயோ–மேத்ஸ் எடுத்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் நான்கு கனமான பாடங்களில் நான்கிலும் 60 வாங்குபவருக்குத் திறந்த கதவால் லாபமில்லை. அவருக்குத் தாவரவியல்–விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் குரூப்பே நல்லது. அதில் கணிதம் கிடையாது. மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கும் பி.எஸ்சி. வேளாண்மைக்கும் அதுவே போதும். தொழிற்கல்விப் பிரிவை ‘மார்க் வராதவர்கள் போகும் இடம்’ என்று பள்ளிகளே ஒதுக்கிவைக்கின்றன. பொறியியல் கவுன்சலிங்கில் அந்தப் பிரிவினருக்குத் தனி ஒதுக்கீடும் தனி ரேங்க் லிஸ்டும் இருப்பதைச் சொல்வாரில்லை.

அடுத்து தேதிகள். ஒவ்வோர் ஆண்டும் நாள்கள் முன்பின் நகரும். மாதம் பெரும்பாலும் மாறாது.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கிறது. விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திறந்து அக்டோபர், நவம்பருக்குள் மூடிவிடும். பிளஸ் டூ காலாண்டுத் தேர்வை ஒட்டிய நாள்கள் அவை. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரவும் இதே வழிதான். எந்தக் குரூப் மாணவரும் எழுதலாம். 2 மணி நேரத்தில் 120 கேள்விகள், எல்லாம் ஆங்கிலப் பத்திகளைப் படித்துப் பதில் சொல்பவை, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். சட்ட அறிவு எதையும் அதில் கேட்பதில்லை. வேகமாகப் படிக்கும் பழக்கம் இல்லாமைதான் நம் மாணவர்களைக் கவிழ்க்கிறது, இரண்டு மாதப் பயிற்சியில் அது வராது. ஆங்கிலம் தடையாக இருப்பவருக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். விண்ணப்பமும் முடிவுகளுக்குப் பிறகுதான்.

வடிவமைப்புப் படிப்புகளும் அப்படியே. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குச் செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஃபேஷன் தொழில்நுட்பத்துக்கான நிஃப்ட் நிறுவனத்தின் தரமணி வளாகம் உள்ளிட்ட இடங்களுக்கு ஜனவரிக்குள் முடிந்துவிடும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றின் பொறியியலுக்கான ஜே.இ.இ. முதல் கட்டம் அக்டோபர்–நவம்பரில் பதிவாகிறது.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இழப்பு அதிகம் நடப்பது அங்கேதான். 2022 முதல் நடக்கும் இந்தத் தேர்வின் வழியாகத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், காந்திகிராமம், டெல்லி, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யு.), பனாரஸ் என்று நீண்ட பட்டியலில் சேரலாம். பதிவு பிப்ரவரி–மார்ச் வாக்கில், சில ஆண்டு ஜனவரியிலேயே, தொடங்கிவிடுகிறது. செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் நெருக்கும் வாரங்களில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மொழித்தாள்கள் 13, அவற்றில் தமிழும் உண்டு. பாடத்தாள்கள் 23, பொதுத் திறன் தாள் ஒன்று. இவற்றில் அதிகபட்சம் 5 தாள்கள் எழுதலாம். தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு 5, தவறுக்கு மைனஸ் 1.

தவறு நேரும் இடம் தேர்வு மண்டபம் அல்ல, பதிவுப் படிவம். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள்கள் வேண்டும் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. ஒன்று மொழித்தாளும் பொதுத் திறன் தாளும் கேட்கும், இன்னொன்று மொழியோடு மூன்று பாடத்தாள் கேட்கும். மாணவர் தான் படித்த பாடங்களையெல்லாம் டிக் செய்துவிட்டு வருகிறார். நல்ல மதிப்பெண் எடுத்த பிறகு, பொதுத் திறன் தாள் எழுதாததால் விண்ணப்பமே தகுதியற்றது என்று தெரியவருகிறது. சரியான முறை தலைகீழானது: முதலில் மூன்று பல்கலைக்கழகங்களையும் படிப்புகளையும் குறித்துக்கொள்ள வேண்டும், அவை கேட்கும் தாள்களின் பொதுப்பட்டியலைப் போட வேண்டும், அந்தப் பட்டியல் ஐந்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பதிவு செய்ய வேண்டும். தேர்வு முடிந்ததும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். க்யூட் எழுதினாலே இடம் வந்துவிடும் என்று காத்திருந்து இழந்தவர்கள் ஏராளம்.

ஜே.என்.யு.வில் ஜப்பானியமும் கொரியமும் இளங்கலை ஆனர்ஸாகவே படிக்கலாம், முன்னறிவு தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் இந்த மொழிகளுக்கு இருக்கும் தேவையை நினைத்தால், தமிழ்நாட்டிலேயே இதைப் பெரிய அளவில் ஏன் தொடங்கவில்லை என்ற கேள்வி எழுகிறது. அது வேறு கடிதத்துக்கான விஷயம்.

கணிதத்திலும் அடிப்படை அறிவியலிலும் நாட்டம் உள்ளவருக்கு மார்ச், ஏப்ரல்தான் முக்கியம். சிறுசேரியில் இருக்கிறது சென்னைக் கணிதவியல் கழகம். அங்கே கணிதம்–கணினி அறிவியல், கணிதம்–இயற்பியல் ஆகிய ஆனர்ஸ் படிப்புகளுக்குத் தனி நுழைவுத் தேர்வு. 1931இல் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கும் தனித் தேர்வு. இரண்டிலும் மனப்பாடம் உதவாது. ஒரு கூற்றைத் தந்து நிறுவச் சொல்வார்கள். பிளஸ் டூ கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தவர் அங்கே தடுமாறுவதும், 85 எடுத்தவர் தேர்வாவதும் சாதாரணம். புனே, திருப்பதி, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஏழு இடங்களில் உள்ள ஐசர் எனும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்புக்கு ஐ.ஏ.டி. என்ற தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள். உயிரியலோ கணிதமோ படிக்காதவரும் எழுதலாம், அந்தப் பதினைந்தை விட்டுவிட்டுப் போட்டியிட வேண்டியிருக்கும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டினால் அதில் சில கேள்விகளைப் பிடிக்கலாம்.

ஆக, மே மாதம் மாணவர் கையில் எஞ்சுவது மாநிலக் கவுன்சலிங்குகள். அதையும் குறைவாக எண்ண வேண்டாம். அதற்குள்ளேயே மாணவர்கள் பார்க்காத பாடங்கள் நிறைய.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். ‘என் கட்–ஆஃப் 161, எதுவும் கிடைக்காது’ என்று மாணவர் சொல்வது பொறியியல் கட்–ஆஃப். கணிதத்தில் 70, இயற்பியலில் 90, வேதியியலில் 92, உயிரியலில் 95 எடுத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பொறியியலில் கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் தலா 50: 70 + 45 + 46 = 161. அதே மாணவருக்குக் கால்நடை மருத்துவத்தில் உயிரியல் 100, மற்ற இரண்டும் தலா 50: 95 + 45 + 46 = 186. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் நான்கு பாடங்களும் சமம்: 400க்கு 347. பி.ஏ. தமிழுக்கு அங்கே தமிழ்த்தாள் மதிப்பெண் மட்டுமே பார்க்கப்படும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கிலத்தாள். மார்க் ஒன்றுதான், மாணவர் நிற்கும் வரிசை நான்கு விதம். கணிதத்தில் சறுக்கியவர் பொறியியல் வரிசையிலேயே நின்று மனம் நோவதைவிட, தன் மதிப்பெண் எந்தக் கணக்கில் உயர்கிறது என்று முதலில் போட்டுப் பார்க்கட்டும். (கால்நடை மருத்துவத்தில் இடங்கள் சில நூறுதான். 186 நல்ல எண்ணே ஒழிய உறுதியான எண் அல்ல. மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம் என்பதால் போட்டியும் கடுமை.)

பொறியியலுக்குள்ளேயே வருவோம். 1944இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருக்கிறது. தோல் தொழில்நுட்பம், பீங்கான் தொழில்நுட்பம், ஜவுளி, ஆடைத் தொழில்நுட்பம் அங்கே உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் பேக்கேஜிங், சுரங்கவியல், ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானவியலோடு ரப்பர் மற்றும் பிளாஸ்டிக். எல்லாம் பொது கவுன்சலிங்கில் வரும் அரசுப் பல்கலைக்கழக இடங்கள். பெயர் பிடிக்கவில்லை என்பதற்காகவே சாய்ஸ் லிஸ்டில் இவற்றைச் சேர்க்காமல், கட்டணம் பல மடங்கான தனியார் கல்லூரியில் கணினிப் பிரிவை எழுதுகிறார்கள்.

தோல் தொழில்நுட்பத்தைச் சற்று விளக்கலாம். அது வேதியியல் சார்ந்த பாடம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிடுவதில் தொடங்கி, சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்குதல், குரோமிய உப்பு அல்லது தாவரச் சாறு கொண்டு பதனிடுதல், சாயமேற்றுதல், கழிவுநீரில் உள்ள குரோமியத்தை மீட்டெடுத்தல் வரை போகும். கல்லூரிக்குப் பக்கத்திலேயே 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல், ஈரோடு என்று தொழில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. நாற்றமும் ஈரமும் தாங்காதவர் போக வேண்டாம்; பயிற்சிக்காலத்தில் பட்டறையில்தான் நிற்க வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் தனியாகக் கற்றுக்கொண்டவருக்குச் சாயப்பட்டறை, மருந்து ஆலை என்று வேறு இடங்களிலும் வேலை உண்டு.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் பி.டெக். வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலையும் சொல்ல வேண்டும். மின்கலம், துரு தடுப்பு, மின்முலாம் ஆகியவைதான் பாடம். மின்சார வாகனம் பற்றி நாள்தோறும் செய்தி போடும் நாளிதழ்கள், அதன் பேட்டரிக்கான படிப்பு சிவகங்கை மாவட்டத்தில் இருப்பதை எழுதுவதில்லை! சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் பட்டயத்தோடு பட்டப்படிப்பும் நடத்துகிறது.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் என்றாலே பி.எஸ்சி. அக்ரிதான் என்று ஒரு எண்ணம். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியலும் பட்டு வளர்ப்பும் தனித்தனிப் பட்டங்கள். பட்டு வளர்ப்பில் மல்பெரிச் சாகுபடி, முட்டை உற்பத்தி, புழு வளர்ப்பு மனையின் வெப்பமும் ஈரப்பதமும், நோய்த் தடுப்பு, கூட்டிலிருந்து நூலெடுத்தல் என ஒரு தொழில் முழுக்க வருகிறது. தருமபுரி, ஓசூர் பகுதியில் கூடு விற்கும் உழவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது ஏற்றது. அரசு வேலை ஒன்றையே நம்பிப் போனால் காத்திருக்க நேரும். வனவியல் எடுப்பவர்களில் பலர் ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப்பணி) கனவோடு வருகிறார்கள். அந்தத் தேர்வுக்கு வனவியல்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றைப் பட்டத்தில் படித்தவர், வேளாண் அல்லது பொறியியல் பட்டதாரி எல்லோரும் எழுதலாம். இங்கே புவியியல் என்பது பாறை, கனிமங்களைப் பற்றிய ஜியாலஜி. பி.காம்., பி.ஏ. வரலாறு படித்தவர் எழுத முடியாது. சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல இது.

மீன்வளம் படிக்க நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பல்கலைக்கழகம் 2012இல் வந்தது. தூத்துக்குடிக் கல்லூரி அதற்கு முன்பே, 1977இலிருந்து இருக்கிறது. இறால், மீன் வளர்ப்புக் குளத்து நீர்வேதியியல், பதப்படுத்துதல், வலைத் தொழில்நுட்பம், மீன் நோய்கள் என்று நான்காண்டு போகும். ஏற்றுமதி ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இவர்களுக்கு முன்னுரிமை. இந்த நான்காண்டுப் பட்டமான பி.எஃப்.எஸ்சி. வேறு, விலங்கியல் துறைகளில் தரும் மீன்வளப் பாடம் உள்ள பி.எஸ்சி. வேறு. மீன்வளத் துறைப் பணி அறிவிப்பில் எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேர வேண்டும்.

பாராமெடிக்கலில் நர்சிங்கையும் பார்மசியையும் தாண்டி யாரும் பார்ப்பதில்லை. பெர்ஃப்யூஷன் தொழில்நுட்பம் என்பது திறந்த இதய அறுவையின்போது இதயம்–நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் வேலை. மருத்துவர் இதயத்தை நிறுத்திவைத்திருக்கும் நேரம் முழுக்க நோயாளியின் ரத்த ஓட்டம் இவர் கையில். செவித்திறன்–பேச்சு நோய்க்குறியியல் நான்காண்டு, கடைசி ஆண்டு பயிற்சி. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கும், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கும் பயிற்சி தருபவர்கள் இவர்கள். ஊர்ப்புறங்களில் இவர்கள் அரிது. தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு தேவை. கல்லூரியின் அந்தப் படிப்புக்கு மன்ற அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று மன்றத் தளத்தில் பார்க்காமல் பணம் கட்டக்கூடாது. உளவியலிலும் இதே எச்சரிக்கை. பொதுவான பி.எஸ்சி. உளவியல் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட முடியாது, மன்றம் ஏற்ற படிப்பும் பதிவும் வேண்டும். துணை மருத்துவப் படிப்புகளுக்கான சேர்க்கை விதிகள் தேசிய ஆணையம் வந்தபின் மாறிக்கொண்டிருக்கின்றன. போன ஆண்டுச் சேர்ந்த அண்ணன், அக்கா சொல்வதை நம்பாமல் அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் படிக்க வேண்டும்.

கலை அறிவியல் கல்லூரிகளில் ஜியாலஜி, புள்ளியியல் துறைகள் ஆள் இல்லாமல் காய்கின்றன. ஜியாலஜியில் முதுகலை முடித்தவர் யு.பி.எஸ்.சி.யின் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போகலாம். நம் மாநிலக் கனிமவளத் துறையிலும் டி.என்.பி.எஸ்.சி. வழியாக இடம் உண்டு. வெயிலில் சுத்தியலோடு நடக்கும் களப்பணி பாடத்தில் ஒரு பகுதி, அதைத் தவிர்க்க முடியாது. புள்ளியியல் பட்டதாரிக்கு இந்தியப் புள்ளியியல் பணி இருக்கிறது, மாநிலத்தில் புள்ளியியல் ஆய்வாளர் பணிகள் இருக்கின்றன. டேட்டா சயின்ஸ் என்ற பெயரில் புதிதாகத் தொடங்கிய பட்டத்துக்குப் பெரும் கட்டணம் கொடுப்பவர்கள், அதன் அடித்தளமான புள்ளியியல் அரசுக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் கிடைப்பதைக் கவனிப்பதில்லை. அதோடு ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி பி.எஸ். படிப்பையும் சேர்த்துப் படிக்கலாம். ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் இடம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022இல் அனுமதித்துவிட்டது. ஆங்கிலத்தில் நடக்கும் அந்தப் பாடத்துக்கு வாரந்தோறும் ஒப்படைப்புகள் உண்டு, பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் அதில்தான் விடுகிறார்கள்.

மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் கோயில் கட்டடக்கலைக்கு பி.டெக்., கல், உலோகம், சுதை, மரச் சிற்பங்களுக்கும் மரபு ஓவியத்துக்கும் பி.எஃப்.ஏ. இருக்கின்றன. கட்டடக்கலைக்குக் கணிதம் வேண்டும். சிற்பத்துக்குக் கையும் பொறுமையும். விண்ணப்பம் கல்லூரிக்கு நேரடியாக. எந்தப் பொதுக் கவுன்சலிங்கிலும் வராது. அதனால்தான் கண்ணில் படுவதும் இல்லை. சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளும் இப்படித் தனியே வரைதிறன் தேர்வு வைத்தே எடுக்கின்றன.

கடல்சார் பல்கலைக்கழகத்துக்குப் போக நினைப்பவர் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறக்குருடு இருந்தால் கப்பல் பணி இல்லை. அது இருப்பதே பதினேழு வயதுவரை பல பையன்களுக்குத் தெரிவதில்லை.

இனி, படிப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு இடம் பறிபோகும் காரணங்கள். பெரும்பாலும் சான்றிதழ்தான். மத்திய நிறுவனங்களுக்கு நம் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்று வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக. மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பட்டதாரிச் சான்று குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டும் என்று இன்னும் நினைக்கிறார்கள். பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் 2021இலேயே வந்துவிட்டது. இடையில் ஓராண்டு உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாலும் தகுதி போய்விடும்.

சாய்ஸ் ஃபில்லிங்கில் பட்டியலின் மேலிருந்துதான் இடம் ஒதுக்கப்படும். கிடைக்காத இடத்தை மேலே எழுதினால் வாய்ப்புக் கெடும் என்ற பயம் வீண். விருப்பமில்லாததை மேலே எழுதினால்தான் அது வந்து தலையில் விழும். ஒதுக்கீடு வந்தபின் ‘ஏற்று, மேல்நோக்கி’ என்பதற்கும் ‘மறுத்து, மேல்நோக்கி’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்காமல் பிரவுசிங் சென்டரில் அழுத்திவிட்டுக் கிடைத்த இடத்தையும் இழப்பவர்கள் உண்டு. முன்னதில் கையில் இருப்பது பத்திரம், பின்னதில் அது போய்விடும்.

பட்டத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். புதுப்புதுப் பெயர்களில் வரும் பி.எஸ்சி., எம்.எஸ்சி. பட்டங்களுக்கு, வழக்கமான பட்டத்துக்கு இணை என்று சொல்லும் இணைக்கல்வி அரசாணை இல்லாவிட்டால் டி.என்.பி.எஸ்.சி.யிலும் ஆசிரியர் தேர்விலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். இணை என்று ஆணை இருக்கிறதா என்பதைச் சேருமுன் கல்லூரியிடம் எழுத்தில் கேட்கலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்துவந்தவர், கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறினால் பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் அரசுப் பணிகளில் தமிழ் வழியோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டை இழக்கிறார். மாறக்கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து மாறட்டும்.

பிடித்த இடம் தாமதமாகக் கிடைக்கும்போது ஏற்கெனவே கட்டிய பணம் போய்விடுமே என்று பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும் (சிறு கழிவு நீங்கலாக). கடைசி நாளுக்கு முந்தைய அந்த 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பின் 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக்கூடாது, சரிபார்த்து அப்போதே திருப்பித் தர வேண்டும். பணம் கட்டுபவர்கள் ரசீதும் தேதியும் பத்திரமாக வைத்திருந்தால் போதும், வாதாட இடமிருக்கிறது.

உங்கள் நாளிதழிடம் நாங்கள் கேட்பது இரண்டு பக்கங்கள். பத்தாம் வகுப்பு முடிவுகள் வரும் வாரத்தில் ஒன்று: எந்தக் குரூப்புக்கு எந்தப் படிப்பு திறக்கும், எது மூடும் என்ற அட்டவணை. இன்னொன்று ஜூலையில், அப்போது பிளஸ் டூவில் நுழைந்திருப்பவர்களுக்காக. தேர்வின் பெயர், விண்ணப்பம் திறக்கும் மாதம், வேண்டிய பாடங்கள், வேண்டிய சான்றுகள், தமிழில் எழுதலாமா கூடாதா, விண்ணப்பக் கட்டணம், நேரடிச் சேர்க்கையா பொதுக் கவுன்சலிங்கா என்று ஏழு கட்டங்கள் இருந்தால் போதும். பள்ளி அறிவிப்புப் பலகையில் கத்தரித்து ஒட்டும் அளவில் அச்சிடுங்கள். கல்லூரி விளம்பரங்கள் அந்தப் பக்கத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.